நேனா, இன்றைக்கு எந்த பாரியோ? புவெனஸ் ஐரிஸில் எட்டு நாள்

முதல் நாள். சனி, நவம்பர் 22

மூன்று விமானம், ஒன்றரை நாள், வீங்கிய கால். வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான். ஆனால் கார் இந்த அர்ஜென்டினத் தலைநகருக்குள் நுழைந்ததும் தூக்கம் கலைந்துவிட்டது. சாலையின் இருபுறமும் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்து நின்றன. நமக்கு நவம்பர் அடைமழை மாதம். இங்கே வசந்தம் முடிந்து கோடை தொடங்கப்போகிற நேரம். 1891-ல் இந்த ஊர்ப் பூங்காக்களுக்குப் பொறுப்பேற்ற கார்லோஸ் தாய்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இந்த மரங்களைத் தெருத்தெருவாக நடவைத்தவர். உதிர்ந்த பூவை மிதித்துக்கொண்டுதான் வீட்டு வாசலுக்குப் போனேன்.

அல்மாக்ரோ என்ற பகுதியில் ஒரு வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு மாதம் படித்த என் ஸ்பானிய மொழி அவரிடம் முதல் வாக்கியத்திலேயே தடுமாறியது. நான் 'காயே' என்று படித்த சொல்லை அவர் 'காஷே' என்கிறார், தெரு என்று பொருள். இந்த ஊர்க்காரர்களின் வாயில் 'ய' எல்லாம் 'ஷ' ஆகிவிடுகிறது. என்னை 'நேனா' என்று கூப்பிடுகிறார். நாம் 'பாப்பா' என்போமே, அந்த மாதிரி.

"நேனா, இந்த ஊரை மொத்தமாகப் பார்க்க முடியாது. பாரியோ பாரியோவாகப் பார்" என்றார். பாரியோ என்றால் பேட்டை. இங்கே 48 பாரியோக்கள் உண்டு. எந்த ஊர் என்று கேட்டால்கூட பாரியோவின் பேரைத்தான் முதலில் சொல்வார்களாம்.

சாயங்காலம் ரிவதாவியா அவென்யூ வரை நடந்தேன். தெருக்கள் சதுரம் சதுரமாக இருப்பதால் வழி தவறுவது கடினம். ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரை ஒரு குவாத்ரா, அதற்கு நூறு எண்கள். கதவு எண் 3500 என்றால் தெரு தொடங்கி முப்பத்தைந்து குவாத்ரா வந்திருக்கிறோம் என்று கணக்கு. ரிவதாவியாவைக் குறுக்கே தாண்டியதும் தெருக்களின் பெயர் மாறிவிடும். அதே தெருதான், நேராகத்தான் போகிறது, பெயர் மட்டும் வேறு.

திரும்பும்போது, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நடைபாதையில் ஒரு ஓடு கண்ணில் பட்டது. மற்ற ஓடுகள் சாம்பல் நிறம். இது மட்டும் சிமெண்டில் கண்ணாடித் துண்டுகளும் வண்ணச் சில்லுகளும் பதித்துக் கையால் செய்தது. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி ஒரு பெண்ணின் பெயர், 1977 என்று ஆண்டு. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "வியாழக்கிழமை பிளாசா தெ மாயோ சதுக்கத்துக்குப் போய்விட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள். ஞாயிறு: சான் தெல்மோ

ஞாயிறு என்றால் சான் தெல்மோ சந்தைதான். தெஃபென்சா தெரு நெடுக, கருங்கல் பாவிய தரையில், கடை விரித்திருக்கிறார்கள். பழைய சோடா சைஃபன் கண்ணாடிப் புட்டிகள் பச்சையும் நீலமுமாக வெயிலில் மின்னுகின்றன. மாத்தே என்ற இலைப் பானம் குடிக்கும் சுரைக்குடுக்கைகள், யாரோ ஒருவர் வீட்டுக் கதவின் பித்தளைக் கைப்பிடி, யார் யாருடையதோ குடும்பப் புகைப்படங்கள். நான் எதுவும் வாங்கவில்லை. அந்தப் புகைப்படப் பெட்டியின் முன் மட்டும் ரொம்ப நேரம் நின்றேன்.

இந்தப் பேட்டையைப் புரிந்துகொள்ள ஒரு ஆண்டு தெரிந்தால் போதும்: 1871. அதற்கு முன் ஊரின் பணக்காரர்கள் இங்கேதான் இருந்தார்கள். அந்த ஆண்டு மஞ்சள் காய்ச்சல் வந்தது. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் சில மாதங்களில் சுமார் 14,000 பேர் செத்தார்கள். கொசுவால் வருகிற நோய் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கப்பலில் வந்த இத்தாலிய ஏழைகள் மேல் பழியைப் போட்டு, குடியிருந்த இடத்தை விட்டே துரத்தினார்கள். வசதி படைத்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். ரெக்கோலெட்டா பக்கம் பணக்காரப் பேட்டையாக வளர்ந்ததில் இந்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு.

காலியான மாளிகைகளில் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். அவற்றுக்குக் கொன்வெந்தீஷோ என்று பெயர். நடுவே முற்றம், மொத்தப் பேருக்கும் அங்கேதான் குழாய். தெஃபென்சா தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. எசெய்சா என்ற செல்வந்தர் குடும்பம் 1880 வாக்கில் கட்டியது. பின்னாளில் ஒண்டுக்குடித்தனமாகி, இப்போது பழம்பொருள் கடைகளாக இருக்கிறது. ஒன்றன் பின் ஒன்றாக முற்றங்கள், மேலே இரும்புக் கம்பி போட்ட பால்கனி. அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். துணி காயப்போடக் கயிறு கட்டிய இடமோ என்னவோ, ஒரு இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

1907-ல் வாடகை ஏறியபோது இந்தக் குடித்தனக்காரர்கள் வாடகை கொடுக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் மாதிரி ஒன்றை நடத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், வீட்டுக்காரர்களைப் பெருக்கித் தள்ளுவோம் என்று. எனக்கு இந்தச் சந்தையில் பார்த்த எல்லாவற்றையும்விட அந்தத் துடைப்பங்கள்தான் மனதில் நிற்கின்றன.

மூன்றாம் நாள். திங்கள்: லா போகா

29-ம் எண் கொலெக்திவோ. நகரப் பேருந்துக்கு இங்கே அதுதான் பெயர். 1928-ல் சவாரி கிடைக்காத டாக்சி ஓட்டுநர்கள் சேர்ந்து, ஒரே காரில் பலரை ஏற்றிக் குறிப்பிட்ட வழியில் ஓட்டத் தொடங்கியதில் பிறந்தது. நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, கையை நீட்ட வேண்டும். தெருக்கள் ஒருவழி என்பதால் திரும்பும் வண்டி பக்கத்துத் தெருவில்தான் வரும். இது தெரியாமல் வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒரு பள்ளி மாணவன் என்னைக் கூட்டிப்போய் சரியான நிறுத்தத்தில் விட்டான்.

லா போகாவின் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: மஞ்சள், நீலம், சிவப்பு என்று தகர வீடுகள். ஜெனோவாவிலிருந்து வந்து துறைமுகத்தில் உழைத்தவர்கள் மரத்திலும் தகரத்திலும் கட்டிக்கொண்டவை. கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் சுவருக்கு. ஒரு வீட்டுக்குப் போதுமான அளவு ஒரே நிறம் கிடைக்காது, அதனால்தான் கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, சுவர் ஒன்று. கமினீத்தோ என்ற சின்னத் தெரு, கைவிட்ட ரயில் பாதை வளைந்து போன இடம். அதற்கு வண்ணமடித்து 1959-ல் திறந்தவெளி அருங்காட்சியகம் ஆக்கியவர் பெனித்தோ கின்கேலா மார்த்தீன்.

இவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1890-ல் அனாதை இல்லத்தில் விடப்பட்ட குழந்தை. கரி விற்கிற ஒரு தம்பதி எடுத்து வளர்த்தார்கள். துறைமுகத்தில் கரி மூட்டை சுமந்தவர், கரியாலேயே வரையத் தொடங்கினார். ஓவியம் விற்று வந்த பணத்தில் நிலம் வாங்கி, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்தார். இன்றும் கீழே பள்ளி நடக்கிறது, மேலே அவருடைய அருங்காட்சியகம். அவர் வரைந்தது எல்லாம் துறைமுகமும், மூட்டை தூக்கி முதுகு வளைந்த ஆட்களும்தான். பெயிண்டைத் தூரிகையால் இல்லாமல் கத்தியால் அள்ளி அப்பியிருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறது.

கமினீத்தோவில் ஜோடியாக நின்று படம் எடுக்கக் கூப்பிடும் டாங்கோ ஆட்களும் கூட்டமும் என்னை அலுக்க வைத்தன. இரண்டு தெரு தள்ளினால் அதே தகர வீடு, பெயிண்ட் உரிந்து, கொடியில் பள்ளிச் சீருடையோடு. லா போகா அங்கேதான் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பகலில் போங்கள், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் வீடு.

நான்காம் நாள். செவ்வாய்

மழை. வீட்டுக்கார அம்மா ஒரு குடையைக் கொடுத்து, "திருப்பிக் கொண்டுவந்து கொடு" என்றார். வாசல் வரை வந்து இன்னொரு முறையும் சொன்னார்.

ரிவதாவியா, மெத்ரானோ முனையில் லாஸ் வியோலெத்தாஸ் என்ற காப்பிக்கடை, 1884-லிருந்து இருக்கிறது. வண்ணக் கண்ணாடி வழியாக மழை வெளிச்சம் மேஜைமேல் விழுந்தது. ஒரு கொர்தாதோ கேட்டால், காப்பியோடு சின்னத் தம்ளரில் சோடாவும் ஒரு குட்டி பிஸ்கட்டும் வரும். பில்லை நாமாகக் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முந்தைய நாள் குறிப்பை எழுதினேன்.

அப்புறம் புத்தகக் கடைகள். 1919-ல் திறந்த நாடக அரங்கைப் புத்தகக் கடையாக்கிய எல் அத்தெனேயோ அழகுதான். மேடையில் காப்பிக்கடை, மேல்விதானத்தில் ஓவியம். ஆனால் படம் எடுப்பவர்கள்தான் அதிகம். கோர்ரியெந்தஸ் அவென்யூவின் பழைய புத்தகக் கடைகளில் ஆட்கள் நின்றபடி படித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. ராத்திரி அதே தெருவில் நின்றபடியே பீட்சா. கூட ஃபைனா என்று ஒன்று தந்தார்கள். கடலைமாவைக் கரைத்து அடுப்பில் வேகவைத்தது, பீட்சாத் துண்டின் மேல் அதை வைத்துச் சேர்த்துக் கடிக்க வேண்டும். மிளகுத்தூள் தூவியதும் வாய்க்கு ரொம்பப் பழகிய ருசியாக இருந்தது.

ஐந்தாம் நாள். புதன்: இரண்டு கல்லறைகள்

காலையில் ரெக்கோலெட்டா. 1822-ல் திறந்த கல்லறைத் தோட்டம். தோட்டம் என்பதைவிடக் குட்டி நகரம் என்று சொல்லலாம்: பளிங்கு வீடுகள், தெருக்கள், முனைகள். ஜனாதிபதிகள், தளபதிகள், நிலக்கிழார்கள். ஜனாதிபதி பெரோனின் மனைவி எவா பெரோன் படுத்திருப்பது துவார்த்தே குடும்பக் கல்லறையில், ஒரு குறுகிய சந்தில். 1952-ல் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். பெரோன் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம் உடலைக் கடத்தி, மிலானில் வேறு பெயரில் புதைத்து வைத்தது. பல ஆண்டு அலைந்து 1976-ல்தான் இங்கே வந்து சேர்ந்தது. ஏழைகளின் பெண், பணக்காரர்களின் கல்லறைத் தெருவில். கதவுக் கம்பியில் அன்று காலை செருகிய பூக்கள் இருந்தன.

வெளியே வந்தால் பிரம்மாண்டமான ஒரு மரம். நம் ஆலமரத்தின் உறவு. கிளைகள் தரையோடு படர்ந்து, சிலவற்றுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மதியம் சுரங்க ரயிலில் சக்காரிதா. 1871 காய்ச்சலில் மற்றக் கல்லறைகள் நிரம்பி வழிந்ததால் அவசரமாகத் தோண்டிய இடம் இது. பிணங்களைக் கொண்டுவரத் தனி ரயில் பாதையே போட்டார்கள். இங்கே கார்லோஸ் கார்தெல் இருக்கிறார், டாங்கோ பாட்டின் அரசர். 1935-ல் கொலம்பியாவின் மெடெஜினில் விமான விபத்தில் இறந்தவர். வெண்கலச் சிலை சிரித்துக்கொண்டு நிற்கிறது. விரலிடுக்கில் யாரோ பற்றவைத்த சிகரெட் பாதி எரிந்திருந்தது. வருகிறவர்கள் அப்படி வைத்துவிட்டுப் போவது வழக்கம். நான் நின்ற நேரத்தில் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். அணைந்ததை எடுத்துவிட்டு புதிதாக ஒன்றைப் பற்றவைத்துச் செருகினார். கோட்டுப் பையில் இருந்த சிவப்புக் கார்னேஷனைச் சிலையின் காலடியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாம் நாள். வியாழன்: பிளாசா தெ மாயோ

பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்பே போய்விட்டேன். எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் ஜனாதிபதி மாளிகை. சதுக்கத்தின் நடுவே ஒரு வெள்ளைத் தூண், அதைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தலைக்குட்டைகள் வரையப்பட்டிருக்கின்றன.

1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ராத்திரியில் வந்து கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பவில்லை. காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்த பதினான்கு தாய்மார்கள் 1977 ஏப்ரல் 30 அன்று இந்தச் சதுக்கத்துக்கு வந்தார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடைதான் இன்றுவரை ஒவ்வொரு வியாழனும் தொடர்கிறது. தலையில் கட்டிய வெள்ளைத் துணி முதலில் குழந்தைகளின் இடுப்புத் துணி. ஒருவரை ஒருவர் கூட்டத்தில் அடையாளம் கண்டுகொள்ள வீட்டில் எடுத்துவைத்திருந்ததைக் கட்டிக்கொண்டார்கள்.

முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அசுசேனா விஷஃப்ளோர். அந்த டிசம்பரிலேயே அவரையும் இன்னும் இரண்டு தாய்மார்களையும் பிடித்துப்போய் விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள். எலும்புகள் 2005-ல் அடையாளம் காணப்பட்டன. அசுசேனாவின் சாம்பல் அந்த வெள்ளைத் தூணின் அடியில்தான் இருக்கிறது.

இன்று வந்தவர்களில் தாய்மார்கள் மிகச் சிலர். தொண்ணூறைத் தாண்டியவர்கள். ஒருவர் சக்கர நாற்காலியில். பின்னால் படத்தைக் கழுத்தில் மாட்டிய சகோதரர்கள், மகள்கள், மாணவர்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் 'ப்ரெசெந்தே' என்றது. உள்ளேன் ஐயா என்று வகுப்பில் சொல்வோமே, அதே சொல். இரண்டாவது சுற்றில் நானும் சேர்ந்து நடந்தேன். எத்தனையோ பெயருக்கு அப்புறம் என் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்தே போட்டார். குடுக்கையில் இலைத்தூள், வெந்நீர், உலோகக் குழல். அவர் உறிஞ்சிவிட்டு நிரப்பிக் கொடுத்தார், நான் உறிஞ்சித் திருப்பினேன். நாலு முறை அப்படிப் போனபிறகு பேசினார்.

"அந்த ஓட்டில் பேர் இருக்கிற பெண் எனக்கு இரண்டு வயது சின்னவள். மழை பெய்த ஒரு நாள் என் குடையை வாங்கிக்கொண்டு போனாள். நாளைக்குத் தருகிறேன் என்றாள்."

நான் குடையைச் செவ்வாய் இரவே அதன் இடத்தில் மாட்டிவிட்டிருந்தேன். இருந்தும் எழுந்துபோய் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அக்கம்பக்கத்தார் கூடித்தான் அந்த ஓட்டைச் செய்தார்களாம். சிமெண்டைக் குழைத்தது ஒருவர், எழுத்தை அடுக்கியது ஒருவர். பச்சைக் கண்ணாடிச் சில்லுகள் இவர் வீட்டில் உடைந்த சோடா சைஃபன்.

ஏழாம் நாள். வெள்ளி: ஆற்றங்கரை

புவெர்த்தோ மதேரோ பழைய துறைமுகம், இப்போது கண்ணாடிக் கோபுரங்கள். தெருக்களுக்கெல்லாம் பெண்களின் பெயர். அசுசேனா விஷஃப்ளோர் பெயரிலும் ஒரு தெரு. அந்தத் தெருப் பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே கிழக்கே நடந்தேன், ஆற்றங்கரைச் சரணாலயத்துக்கு.

சுமார் 350 ஹெக்டேர் நாணலும் மரமும் பறவையும். யாரும் திட்டமிட்டு வளர்த்ததில்லை. ராணுவ ஆட்சியில் ஊருக்குள் விரைவுச்சாலை போட வீடுகளை இடித்தார்கள். இடிபாட்டை ஆற்றில் கொட்டினார்கள். ஆறு மண்ணையும் விதையையும் கொண்டுவந்து சேர்த்தது. பாரியோ பாரியோவாகப் பெயர்த்த வீடுகள்தான் இந்தக் கரை.

ரியோ தெ லா பிளாத்தா கடல் மாதிரி அகலம், தேநீர் நிறம், மறுகரை தெரியாது. தண்ணீர் ஓரத்தில் குனிந்து பார்த்தால் கூழாங்கல் என்று நினைத்தவை எல்லாம் செங்கல். அலை உருட்டி உருட்டி முட்டை மாதிரி ஆக்கியிருக்கிறது. நடுவே குளியலறை ஓட்டின் துண்டு, பூப்போட்ட தரை ஓட்டின் ஒரு மூலை. நீலக்கோடு போட்ட ஒரு சில்லைக் கையில் எடுத்தேன். பின்பக்கம் சிமெண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் தினமும் காலையில் அதன்மேல் நின்றுதான் காப்பி போட்டிருப்பார். அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள். சனி, நவம்பர் 29: பெல்கிரானோ

மாதத்தின் 29-ம் தேதி இங்கே ஞோக்கி சாப்பிடுகிற நாள். உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து உருட்டி வேகவைப்பது, இத்தாலியர் கொண்டுவந்தது. சம்பளம் வராத மாதக் கடைசியில் வீட்டில் மிஞ்சுவது அவைதானே. அம்மா சின்ன உருண்டைகளை முட்கரண்டியின் பின்புறத்தில் உருட்டி வரி போட்டார். எனக்கும் ஒரு தட்டு மாவு தந்தார். சாப்பிட உட்காரும்போது எல்லார் தட்டுக்கு அடியிலும் ஒரு பண நோட்டு வைப்பது வழக்கம், பணம் பெருகும் என்று. என் தட்டுக்கு அடியில் அவர் இந்த ஊர்ப் பணமான பெசோவில் ஒரு நோட்டு வைத்தார். அவர் தட்டுக்கு நான் ஒரு நூறு ரூபாய் வைத்தேன். "அடுத்த 29 வரை செலவழிக்காதே" என்றார்.

சாயங்காலம் ரயிலில் பெல்கிரானோ. அங்கே பூங்காவில் லா கிளோரியெத்தா என்ற வட்ட மண்டபம். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து டாங்கோ ஆடலாம். லா போகாவில் காசுக்கு ஆடியதைப் பார்த்து இதுதான் டாங்கோ என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே காய்கறிப் பையோடு வந்த அம்மா இருக்கிறார், ஆபீஸ் சட்டையோடு வந்தவர் இருக்கிறார். ஆட வருகிறீர்களா என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. தூரத்திலிருந்து பார்வை, ஒரு சின்னத் தலையசைப்பு, சம்மதமென்றால் பதிலுக்குத் தலையசைப்பு. மாட்டேன் என்றால் கண்ணைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. ஒரே ஜோடி மூன்று நான்கு பாட்டு ஆடிவிட்டுப் பிரிகிறார்கள்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதிருக்கும் ஒருவரின் தேய்ந்த கறுப்புச் செருப்பு தரையை விட்டு எழும்பவே இல்லை. இருந்தும் பாட்டின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது சரியாக நின்றது.

இருட்டியதும் லா கும்பர்சீத்தா போட்டார்கள். அது வந்தால் கடைசிப் பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டு முடிந்ததும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து ஆடுகிற செருப்பைக் கழற்றித் துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நடக்கிற செருப்பை மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.